சரிவைக் கண்டால் பின்னே சாயும் உடம்பு: ஒரு கடற்கரைக்காரரின் முதல் பனிச்சறுக்கு வகுப்பு

ஆள்: 34 வயது ஆண். ஊர், கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டம் பக்கமுள்ள ஒரு மீனவக் கிராமம். பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே அப்பாவோடு கட்டுமரம் ஏறியவர். ஐ.டி.ஐ.யில் குளிர்பதனம் படித்துவிட்டு இப்போது துபாயில் ஏசி டெக்னீஷியனாக இருக்கிறார். விடுமுறைக்கு வந்தால் இன்றைக்கும் விடியற்காலையில் சித்தப்பாவோடு மரத்தைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போய்விடுவார். பள்ளியில் நான் அவருக்கு உடற்கல்வி ஆசிரியர். கபடியில் அவரைக் கீழே தள்ளுவது எவ்வளவு கஷ்டம் என்று அவரோடு ஆடிய எல்லோருக்கும் தெரியும்.

அலையடிக்கும் கடலில், நனைந்து வழுக்கும் மரத்தின் மேல் நின்றபடி துடுப்புப் போடுகிற இந்த மனிதர், துபாயில் சின்னப் பிள்ளைகள் சறுக்கி விளையாடும் சரிவில் முக்கால் மணி நேரம் விழுந்துகொண்டே இருந்தார். அவரோடு அன்றைக்கே முதன்முதலாகப் பனியில் கால் வைத்த அறைத் தோழரோ குலசேகரத்துக்காரர், விளையாட்டு என்றாலே ஒதுங்குகிறவர். அவர் இவருக்கு முன்பே சறுக்கி, நின்று, மறுபடி ஏறிவிட்டார். இது எப்படி நடந்தது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

நம் பள்ளிகளில் ஒரு பையனைப் பார்த்து 'இவனுக்கு நல்ல பேலன்ஸ்' என்று முத்திரை குத்திவிடுகிறோம். எங்கே கொண்டுபோய் நிறுத்தினாலும் அது கூடவே வரும் என்று ஒரு நம்பிக்கை. இந்த நிகழ்வைப் பார்த்த பிறகு எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

எனக்குக் கிடைத்த சான்றுகள் மூன்று. முதலாவது, ஒரு செல்போன் வீடியோ. மூன்றாவது அறைத் தோழர் மார்த்தாண்டத்துக்காரர். குளிரில் நமக்கென்ன வேலை என்று உள்ளே போகாமல் மாலின் கண்ணாடிக்கு வெளியே நின்று எடுத்தது. படம் தெளிவாக இருக்கிறது, சத்தம் கிடையாது. இரண்டாவது, சறுக்கிய இருவரிடமும் தனித்தனியாகப் பேசியது. மூன்றாவது, விடுமுறையில் அவர் கட்டுமரத்தில் போய்வருவதைக் கரையில் நின்று பார்த்தது. பெயர் சொல்லாமல் எழுதிக்கொள்ள இருவரும் சம்மதித்தார்கள்.

இடம்

ஸ்கி துபாய் 2005-இல் திறக்கப்பட்டது. மால் ஆஃப் தி எமிரேட்ஸ் என்ற வணிக வளாகத்தோடு ஒட்டி, ஏறக்குறைய 22,500 சதுர மீட்டரில் இருக்கிறது. ஐந்து சரிவுகள். நீளமானது 400 மீட்டர், மேலிருந்து கீழே கிட்டத்தட்ட 60 மீட்டர் இறக்கம். வெளியே ஆகஸ்டில் 40 டிகிரிக்கு மேல் கொதிக்கும்போது உள்ளே பூஜ்ஜியத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி கீழே. கடற்கரையில் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே போர்வை தேடுகிற ஊரிலிருந்து போனவருக்கு அது சின்ன மாற்றம் இல்லை. ஆனால் அவர் உள்ளே நுழைந்ததும் முதலில் கவனித்தது குளிரையல்ல, கூரையை. குளிர்ந்த தண்ணீரையும் அழுத்தக் காற்றையும் சேர்த்துப் பீய்ச்சும் துப்பாக்கிகள் அங்கே இருக்கின்றன. ஆள் இல்லாத இரவில் வெப்பநிலையை இன்னும் இறக்கிவிட்டுப் பனி பொழிய வைப்பார்கள். "இதுக்க கம்ப்ரஸர் எங்க இருக்குன்னுதான் சாரே முதல்ல தேடினேன்" என்றார். தொழில் புத்தி.

கூரைக்குள் சறுக்குவது ஒன்றும் புதுசு இல்லை. 1927-இலேயே வியன்னாவில் பயன்பாடு நின்றுபோன ஒரு ரயில் நிலையத்துக்குள் இப்படி ஒரு சரிவு கட்டினார்கள். சோடா உப்பில் செய்த போலிப் பனி. ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை. துபாயில் இருப்பது உறைந்த நீர்தான், அதனால் மலைப்பனியில் வேலை செய்யும் இயற்பியல் அங்கேயும் அப்படியே வேலை செய்யும். சறுக்குப் பலகைக்கு அடியில் உராய்வுச் சூட்டில் மெல்லிய நீர்ப்படலம் உண்டாகிறது. பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும் பனியில் இது நன்றாக நடக்கும். உராய்வு மிகக் குறைவு.

எவ்வளவு குறைவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரிவு 6 டிகிரிதான் என்று வைத்துக்கொள்வோம், பார்த்தால் சரிவு என்றே தோன்றாது. உராய்வுக் கெழு 0.05 என்று கொண்டால், ஒன்றுமே செய்யாமல் நின்றாலும் 20 மீட்டர் தாண்டும்போது மணிக்கு 16 கிலோமீட்டருக்கு மேல் வேகம் வந்துவிடும். நல்ல சைக்கிள் வேகம். பிரேக் எங்கே என்று தெரியாத சைக்கிள்.

வகுப்பு

பூட்ஸிலிருந்தே சிக்கல் தொடங்கியது. ஸ்கீ பூட்ஸ் என்பது கெட்டிப் பிளாஸ்டிக் கூடு. கணுக்காலுக்கு மேலே வரை வந்து, கொக்கிகளால் இறுக்கப்படும். வருடக்கணக்கில் வெறுங்காலோடு மணலிலும் மரத்திலும் நின்ற பாதம் அகன்று விரிந்திருக்கும். அளவுக்குச் சரியான பூட்ஸ் அவருக்கு வலித்தது. ஒரு சைஸ் பெரிதாகக் கேட்டு வாங்கி, குளிருக்குப் பயந்து இரண்டு ஜோடி சாக்ஸும் போட்டுக்கொண்டார். முதல்முறை போகிற பலரும் செய்வதுதான் இது. பூட்ஸுக்குள் குதிகால் மேலும் கீழும் ஆடினால் காலின் அழுத்தம் பலகைக்குப் போய்ச் சேராது. ஒரே ஒரு ஜோடி சாக்ஸ், குதிகால் அசையாத பிடிப்பு, இதுதான் முறை. பாதி வகுப்பில் பயிற்றுநர் கண்டுபிடித்து ஒரு ஜோடியைக் கழற்றச் சொல்லி, கொக்கிகளை மறுபடி இறுக்கிவிட்டார்.

"பூட்ஸ் மாட்டின உடனே இந்தக் காலு எனக்குள்ளதா இல்லியான்னே சந்தேகம் வந்துட்டு சாரே" என்றார் என்னிடம். இதைச் சும்மா பேச்சாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சமநிலை குலையும்போது மனித உடம்பு முதலில் கணுக்காலில்தான் திருத்தும். அது போதாதபோதுதான் இடுப்பை மடக்கும். கட்டுமரத்தில் நிற்பவருக்குப் பாதத்தின் தோலும் விரல்களும் கணுக்காலும் சேர்ந்துதான் மரத்தின் அசைவைச் சொல்கின்றன. பூட்ஸ் அவ்வளவையும் பூட்டிவிடுகிறது. குலசேகரத்துக்காரருக்கு அப்படி இழக்க ஒன்றும் இருக்கவில்லை.

சமதளத்தில் ஒற்றைப் பலகையோடு தள்ளித் தள்ளிப் போவது, பிறகு இரண்டு பலகை, பிறகு சரிவுக்குக் குறுக்கே நின்று நண்டு மாதிரி பக்கவாட்டில் ஏறுவது. இந்தப் பகுதியில் நம் ஆள்தான் வகுப்பிலேயே முதல். வீடியோவில் பார்த்தால் தெரியும்: பார்வை கால் பக்கம் போகவே இல்லை, தூரத்தில் இருக்கிறது. கடலில் பழகியவரின் கண். தோழரோ குனிந்து பலகை நுனியையே பார்த்துக்கொண்டு, தடியாக நின்றார்.

அடுத்தது சரிவு நோக்கி நின்று நேராகச் சறுக்குவது. அங்கேதான் நிலைமை தலைகீழானது. நகரத் தொடங்கியதுமே அவர் முழங்காலை மடக்கித் தாழ்ந்து, இடுப்பைப் பின்னுக்குக் கொண்டுபோகிறார். உடம்பின் எடை முழுவதும் குதிகாலுக்குப் பின்னால். பலகைகள் முன்னால் ஓட, அவர் பின்னால் உட்கார்ந்துவிடுகிறார். எழுகிறார், மறுபடி அதே. பின்பு ஆப்பு நிலை சொல்லிக்கொடுத்தார்கள். பலகை நுனிகளை நெருக்கி, பின்முனைகளை விரித்து, உள்விளிம்புகளால் பனியைச் சுரண்டி வேகம் குறைப்பது. உலகம் முழுக்கப் பயிற்றுநர்கள் இதற்கு 'பீட்சா' என்பார்கள், துண்டு பீட்சாவின் வடிவம் என்பதால். நம் ஆள் பீட்சா போட்டார். சறுக்கத் தொடங்கிய அடுத்த நொடி எடை பின்னே போனது, நுனிகள் லேசாயின, பீட்சா கலைந்தது, இரண்டு பலகையும் இணையாகி நேரே கீழே பறந்தன.

பயிற்றுநர் சொன்னவை எல்லோரும் சொல்லுகிறவைதான்: முழங்காலை மடக்கு, முன்னால் சாய், கையை முன்னே நீட்டு. முழங்காலை மடக்கு என்றதும் இவர் இன்னும் தாழ்ந்தார், அதாவது இன்னும் பின்னே போனார். முன்னால் சாய் என்றதும் இடுப்பை ஒடித்துத் தலையை மட்டும் முன்னே நீட்டினார், எடை இருந்த இடத்திலேயே இருந்தது. கடைசியில் பயிற்றுநர் குனிந்து இவர் கணைக்காலுக்கும் பூட்ஸின் நாக்குக்கும் இடையே தட்டிக்காட்டி, இந்த இடத்தில் ஒரு தக்காளி இருக்கிறது, கீழே போய்ச் சேருகிற வரைக்கும் அதை நசுக்கிக்கொண்டே இரு என்றார். அதற்கடுத்த சறுக்கலில் இவர் விழவில்லை. அதற்கடுத்ததில் ஆப்பு கலையாமல் கீழே வந்து நின்றார். வகுப்பு முடிவதற்குள் இடமும் வலமுமாக அகலமான இரண்டு திருப்பங்கள்.

சாக்ஸைக் கழற்றியதும் தக்காளியும் ஏறக்குறைய அடுத்தடுத்து நடந்தவை. எது எவ்வளவு உதவியது என்று பிரிப்பது கஷ்டம். ஆனால் சாக்ஸைக் கழற்றிய பிறகும், தக்காளிக்கு முன்னால், அவர் அதேபோலப் பின்னே உட்கார்ந்து விழுவது வீடியோவில் இருக்கிறது. ஆகவே பூட்ஸ் துணைக் காரணம், முக்கியக் காரணம் இல்லை என்பது என் முடிவு.

பின்னே சாய்ந்தால் என்ன ஆகிறது

சறுக்குப் பலகையை முன்பாதிதான் வழிநடத்துகிறது. பூட்ஸின் உயரமான முன்பக்கம் ஒரு நெம்புகோல். கணைக்காலால் அதை அழுத்தினால் அந்த அழுத்தம் பலகையின் நுனிக்குப் போகும். நுனி பனியைப் பிடிக்கும், திரும்பும், வேகம் கட்டுப்படும். கெண்டைக்கால் பூட்ஸின் பின்சுவரில் சாய்ந்துவிட்டால் நுனிக்கு வேலை இல்லை.

பயத்தில் உடம்பு என்ன நினைக்கிறது என்றால், சமதரையில் நிற்பதுபோல நேராக நிமிர்ந்து நின்றால் பத்திரம் என்று. உலகத்துக்கு நேராக நிற்பவர், 6 டிகிரி சரிவில் சறுக்கும் பலகையைப் பொறுத்தவரை 6 டிகிரி பின்னே சாய்ந்தவர். சரிவுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். அப்படி நிற்பது, குப்புற விழப்போகிற மாதிரிதான் தோன்றும். அதனால்தான் முதல் வகுப்பில் ஏறக்குறைய எல்லோரும் பின்னே சாய்கிறார்கள்.

எல்லோரும் சாய்கிறார்கள் என்றால் இவர் விஷயத்தில் தனியாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இரண்டு பேரின் வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது. தோழரின் சாய்வு பயச் சாய்வு: முழங்கால் விறைப்பு, தோள் உயர்ந்திருக்கிறது, சறுக்கத் தொடங்கும் முன்பே சாய்ந்துவிட்டார். இரண்டு மூன்று முறை ஒன்றும் ஆகாமல் கீழே போய்ச் சேர்ந்ததும் பயம் தளர்ந்து, சாய்வும் குறைந்தது. நம் ஆளுக்குப் பயம் இல்லை. நிற்கும்போது அவர் உடம்பு நடுவில்தான் இருக்கிறது. சரிவில் நழுவத் தொடங்கிய பிறகே எடை பின்னே போகிறது. அதுவும் மிருதுவாக, முழங்கால் மடங்கி, திறமையாக. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி. இது தடுமாறுகிற உடம்பு இல்லை, நன்றாகத் தெரிந்த ஒன்றைச் செய்கிற உடம்பு.

அது என்ன என்பது கரையில் நின்று பார்த்தபோது புரிந்தது. கட்டுமரம் கரைக்குத் திரும்பும்போது கடைசி அலைகள் அதைப் பின்னாலிருந்து தூக்கும். மரம் அலையின் முகத்தில் கீழ்நோக்கிச் சரியும். அந்த நேரத்தில் எடை முன்னே இருந்தால் அணியம், அதாவது மரத்தின் முன்முனை, தண்ணீருக்குள் குத்தும், மரம் அப்படியே நின்று, குறுக்கே திரும்பி, ஆளோடு புரளும். அதனால் அலை தூக்கியதும் அவர் தாழ்ந்து, எடையைப் பின்னே இறக்குகிறார். பல வருடங்களாக, யோசிக்காமல். சரிவில் இறங்குகிறோம் என்றால் பின்னே போ, இதுதான் அவர் உடம்புக்குத் தெரிந்த பதில். தண்ணீரில் அது உயிர் காக்கும். அழுத்திச் சமன் செய்த கெட்டிப் பனியில் நுனி புதையாது, அங்கே அதே பதில் தவறு. (முன்பெல்லாம் ஆழமான புதுப்பனியில் நுனி புதையாமல் இருக்க எடையைச் சற்றுப் பின்னே வைக்கச் சொல்லித்தான் கற்றுக்கொடுத்தார்கள். ஆக, அவர் உடம்பு போட்ட கணக்கு முட்டாள்தனமானது அல்ல, தரை மாறியது மட்டும்தான் அதற்குத் தெரியவில்லை.)

பழைய திறமை புதிய திறமைக்குக் குறுக்கே நிற்பதை உடற்கல்வியில் எதிர்மறைப் பயிற்சி மாற்றம் என்று படித்திருப்போம். பாட்மின்டன் மணிக்கட்டோடு டென்னிஸுக்குப் போகிறவரை உதாரணமாகச் சொல்வோம். இந்த நிகழ்வில் நான் கவனித்த ஒரு கூடுதல் விஷயம், ஒரே மனிதரிடம் ஒரே மணி நேரத்தில் பழைய திறமை சாதகமாகவும் பாதகமாகவும் வேலை செய்தது என்பது. பக்கவாட்டுச் சமநிலை, தூரப் பார்வை, விழுந்தால் பதறாமை, இவை கடலிலிருந்து அப்படியே வந்தன. விழுந்த பிறகு பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து எழுவதைத் தோழர் கடைசி வரை சரியாகக் கற்கவில்லை, இவர் ஒரே தடவையில் செய்தார். முன் பின் எடை மட்டும் எதிராக வந்தது. 'பேலன்ஸ்' என்று ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் பல தனித்தனிப் பதில்களின் மூட்டை.

தக்காளி ஏன் வேலை செய்தது

முழங்காலை மடக்கு என்பது உடம்பைப் பற்றிய கட்டளை. தக்காளியை நசுக்கு என்பது உடம்புக்கு வெளியே ஒரு வேலை. இந்த வேறுபாட்டை 1998-இல் கப்ரியேலே வுல்ஃபும் அவருடைய சகாக்களும் சோதித்தார்கள். சோதித்த கருவியே பனிச்சறுக்குப் போலி இயந்திரம்தான்: வளைந்த தண்டவாளத்தில் சக்கரங்களோடு இடம் வலம் ஓடும் மேடை. ஒரு குழுவிடம் வெளிப்பாதத்தால் அழுத்தச் சொன்னார்கள். இன்னொரு குழுவிடம் வெளிச்சக்கரங்களை அழுத்தச் சொன்னார்கள். சக்கரம் பாதத்துக்கு நேர் கீழேதான் இருக்கிறது, செய்ய வேண்டிய அசைவு ஒன்றேதான். ஆனாலும் சக்கரத்தில் கவனம் வைத்தவர்கள் நன்றாகக் கற்றார்கள், பின்பு குறிப்பு எதுவும் கொடுக்காமல் சோதித்தபோதும் அது நிலைத்திருந்தது.

நம் ஆளுக்கு இது இன்னும் ஒருபடி கூடுதலாகப் பொருந்துகிறது என்று நினைக்கிறேன். முழங்காலை மடக்கு என்ற கட்டளைக்கு அவர் உடம்பில் ஏற்கெனவே ஒரு பொருள் இருந்தது, அது மரத்தில் தாழ்கிற அசைவு. கட்டளை கேட்ட ஒவ்வொரு முறையும் அந்தப் பழைய அசைவுதான் எழுந்து வந்தது. கணைக்காலால் எதையாவது நசுக்குவது என்பது மட்டும் அவர் வாழ்க்கையில் எங்குமே செய்யாத வேலை. பழக்கம் எதுவும் அதில் ஒட்டியிருக்கவில்லை. பயிற்றுநருக்குக் கட்டுமரம் பற்றித் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கையிலிருந்த உத்திகளில் ஒன்று பலித்தது, அவ்வளவுதான்.

பின்னே உட்கார்வதைப் போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடக் கூடாது. எடை பின்னே இருக்க, ஒரு பலகை மட்டும் உள்விளிம்பில் பிடித்துத் திரும்பினால் முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் கிழியலாம். பனிச்சறுக்கில் நன்கு அறியப்பட்ட காயம் அது. பூட்ஸைப் பலகையோடு இணைக்கும் பூட்டு அந்த வகை விழுகையில் எப்போதும் கழன்றுகொள்ளும் என்று நம்ப முடியாது, அது முக்கியமாகக் கணைக்கால் எலும்பைக் காக்க வடிவமைக்கப்பட்டது.

தொடர்ச்சி

ஊருக்கு வந்திருந்தபோது அவரைப் பார்க்கப் போனேன். அவர் சித்தப்பாவுக்கு ஒரே கவலை: "அங்க போயி முன்னால சாயப் படிச்சிட்டு வந்து இங்க மரத்தக் கவுத்துராதலே மக்கா." அப்படி எதுவும் நடக்கவில்லை. முதல் நாள் கடலிலேயே பழைய உடம்பு பழையபடி வேலை செய்தது. புதிய பழக்கம் பழையதை அழிக்கவில்லை, பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்த வகுப்புக்கு நான் சொல்லியனுப்பியவை: பூட்ஸ் சரியான சைஸ்; சமதளத்தில் நின்றபடியே கணைக்கால் அழுத்தத்தை முதலில் தேடிக்கொள்வது; நேராகக் கீழே போகாமல் சரிவுக்குக் குறுக்காகத் தொடங்குவது. நேரான இறக்கம்தான் அலையின் முகத்தை ஞாபகப்படுத்துகிறது, குறுக்கே போனால் அந்தப் பழைய பதிலை எழுப்பாமல் இருக்கலாம் என்று ஒரு ஊகம்.

டிசம்பரில் இரண்டாம் வகுப்பு முடிந்ததும் வீடியோ அனுப்பினார். குறுக்காகத் தொடங்கியது நன்றாக வேலை செய்திருக்கிறது. தொடக்கநிலைச் சரிவில் பின்சாய்வு இல்லவே இல்லை என்று சொல்லலாம். நிற்கவும் திரும்பவும் தெரிந்தவர்களைத்தான் பெரிய சரிவில் விடுவார்கள், அந்தத் தகுதி வந்து, நாற்காலி லிஃப்டில் நடுவழி வரை ஏறினார். அங்கே சரிவு கூடுதல். இறங்கத் தொடங்கிய முதல் சில மீட்டரிலேயே இடுப்பு பின்னே போவது தெளிவாகத் தெரிகிறது. இந்த முறை விழவில்லை. குறுக்கே திரும்பி நின்று, குனிந்து கணைக்காலைப் பூட்ஸோடு அழுத்திப் பார்த்துவிட்டு மறுபடி தொடங்குகிறார். அந்தச் சரிவை முடிக்க அவருக்கு அப்படி நான்கு முறை நிற்க வேண்டியிருந்தது.